பால் மறந்த குட்டிகள்

பன்றியைப் பற்றி வானொலியிலே பேசுவதற்கு என்ன இருக்கின்றது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பன்றி வளர்க்காதவரும், பன்றியிறைச்சியைத் தொடாதவருங்கூட அறிந்திருக்கவேண்டிய கதையொன்று கடந்த எழுபத்தைந்து ஆண்டுகளாகப் பன்றிக் கொட்டில்களில் நடந்து வந்திருக்கின்றது. தாயைப் பிரிந்த குட்டியின் வயிற்றோட்டத்தைத் தடுப்பதற்காக அதன் தீவனத்திலே கலக்கப்பட்ட பொடிகளின் கதை அது. அப்பொடிகளிற் சில, நாம் நோயுற்றுக் கிடக்கும்போது மருத்துவர் நமக்குத் தரும் மருந்துகளே. அதனாலேதான் இது நம்முடைய கதையும் ஆகின்றது.

காட்டுப் பன்றி தன் குட்டிகளுக்கு மூன்று நான்கு மாதங்கள் வரை பாலூட்டும். குட்டிகள் பால் குடித்துக்கொண்டே மண்ணைக் கிளறி, கிழங்கும் புழுவும் தின்னப் பழகிச் சிறிது சிறிதாகப் பாலை மறக்கும். பண்ணையிலோ நான்காவது வாரத்தில், சில நாடுகளில் மூன்றாவது வாரத்திலேயே, குட்டிகள் ஒரே நாளில் தாயினின்றும் பிரிக்கப்படுகின்றன. தாய்ப் பன்றி விரைவிலே மறுபடியும் சினைப்படவேண்டும். ஆண்டில் இரண்டு ஈற்றுக்கு மேல் ஈனவேண்டும். பண்ணைக் கணக்கு அப்படி. காலையில் இருந்த தாய் மாலையில் இல்லை. புதிய கொட்டில், முன்பின் அறியாத வேறு குட்டிகள், பாலுக்குப் பதிலாக உலர்ந்த மா. முதல் ஓரிரு நாள் குட்டி உண்ணாமற் கிடக்கும். பின்பு பசி தாங்காமல் அளவுக்கு மிஞ்சி உண்ணும். வயிற்றோட்டம் தொடங்குவது அப்போதுதான்.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகப் பார்த்தல் வேண்டும். பின்னர் வந்த மருந்துகள் எல்லாம் இந்த ஓர் இடத்தையே சுற்றி வந்தன. பன்றியின் சூல்வித்தகம் தாயின் இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகளைக் கருவுக்குள் விடுவதில்லை. ஆகவே குட்டி, நோயை எதிர்க்கும் அப்பொருள்கள் இன்றியே பிறக்கின்றது. முதல் நாளிற் குடிக்கும் சீம்பாலே அதற்குக் கவசம். அதன்பின் வரும் பாலும், குடிக்குந்தோறும், குடலின் உட்சுவருக்கு ஒரு காப்புப் பூச்சுப் போல அமைகின்றது. பால் நின்றவுடன் அந்தப் பூச்சும் நின்றுவிடும். குட்டியின் சொந்த எதிர்ப்பு வலிமையோ இன்னும் முதிர்ந்திராது.

புளிப்பின் கதை வேறு. பாலிலுள்ள வெல்லத்தை, வயிற்றில் வாழும் நல்ல பற்றீரியாக்கள் இலற்றிக் அமிலமாக மாற்றுகின்றன. உறை ஊற்றிய பால் தயிராவதும் இவ்வகைச் செயலினாலேதான். அந்தப் புளிப்பிலே தீய கிருமிகள் பெருகமாட்டா. பால் நின்றதும் புளிப்புக் குறைகின்றது. வளர்ந்த பன்றியின் இரைப்பையைப் போலப் போதிய ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கும் வலு குட்டியின் இரைப்பைக்கு இல்லை. இவற்றோடு, உணவை உறிஞ்சும் குடற் சடைமுளைகளும் பிரிவு நேர்ந்த சில நாட்களுள் குட்டையாகிவிடுகின்றன. செரியாத சோயாப் புரதம் கீழ்க்குடலுக்கு இறங்கிக் கிருமிகளுக்கு விருந்தாகின்றது.

அந்தக் கிருமி எது? 1885 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மியூனிக் நகரிலே பணியாற்றிய குழந்தை மருத்துவர் தியோடோர் எஷரிக் என்பவர், குழந்தைகளின் மலத்தில் ஒரு பற்றீரியாவைக் கண்டு விவரித்தார். இன்று அது அவர் பெயராலேயே எஷரிக்கியா கோலி என்று வழங்குகின்றது. மனிதர் குடலிலும் விலங்குகளின் குடலிலும் வாழும் இவ்வினத்திற் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில வகைகள் மாத்திரம் நஞ்சு சுரக்கும். கொப்பன்ஹேகனைச் சேர்ந்த பிரிட்ஸ் ஒஸ்கோவ், ஈடா ஒஸ்கோவ் தம்பதியர், பிரித்தானிய ஆய்வாளருடன் சேர்ந்து, நோயுற்ற பன்றிகளிலிருந்து எடுத்த கிருமிகளில் கே-88 எனப்படும் அடையாளப் பொருளை 1961 ஆம் ஆண்டில் விவரித்தனர். அது கிருமியின் மேலுள்ள நுண்ணிய இழைகளுக்கு உரியது. அவ்விழைகளைக் கொண்டே கிருமி குடற் சுவரைப் பற்றிக்கொள்கின்றது. இழையை இழந்த கிருமி குட்டிக்கு நோய் விளைவிக்க மாட்டாது என்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் 1971 ஆம் ஆண்டிற் காட்டினர். பற்றிக்கொண்ட கிருமி நஞ்சைச் சுரக்க, குடல் தன் நீரையும் உப்பையும் வெளியே கொட்டுகின்றது. வாந்திபேதியில் மனிதர் மடிவதைப் போலவே குட்டியும் நீர் வற்றி மடிகின்றது.

இனி மருந்துகளின் வரலாற்றுக்கு வருவோம். 1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பெஞ்சமின் டகர் ஓரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை அறிமுகப்படுத்தினார். அதே நிறுவனத்தில் தோமஸ் ஜூக்ஸ், ரொபேர்ட் ஸ்டொக்ஸ்டட் என்னும் இருவர் கோழிக்குஞ்சுகளின் தீவனத்துக்கு மலிவான விற்றமின் பி-12 ஐத் தேடிக்கொண்டிருந்தனர். ஓரியோமைசினை எடுத்த பின் எஞ்சிய கசட்டில் அவ்விற்றமின் இருக்கும் என்று கருதி அதனைக் குஞ்சுகளுக்கு ஊட்டினர். குஞ்சுகள் விற்றமினாற் கிடைக்கக்கூடிய வளர்ச்சியையும் மிஞ்சி வளர்ந்தன. கசட்டிலே தங்கியிருந்த சிறிதளவு நுண்ணுயிர்க்கொல்லியே அதற்குக் காரணம் என்று 1950 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பன்றிக்குட்டிகளிலும் அதே பலன் கிடைத்தது, வயிற்றோட்டமும் குறைந்தது. 1951 இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்க, 1953 இற் பிரித்தானியாவும் பெனிசிலினையும் ஓரியோமைசினையும் தீவனத்திற் கலக்க இடங்கொடுத்தது.

யுத்தம் முடிந்து உணவுத் தட்டுப்பாடு இன்னும் நீங்காத காலம் அது. ஒரு தொன் தீவனத்துக்குச் சில கிராம் மருந்து. அதனால் இறைச்சி மலிகின்றது. அன்றைய விஞ்ஞானிகளை நாம் குறைகூறுதல் எளிது, நியாயமாகாது. ஆயினும் ஒன்றை மறைக்க முடியாது. பொடி கைக்கு வந்தபின், குட்டியை இன்னும் முன்னதாகப் பிரிக்கலாம், ஒரே கொட்டிலில் இன்னும் பல குட்டிகளை அடைக்கலாம் என்னும் துணிவும் உடன் வந்தது. வியாதிக்குக் காரணமாகிய வழக்கத்தையே மருந்து வளர்த்துவிட்டது.

எச்சரிக்கை முதலில் யப்பானிலிருந்து வந்தது. மருந்தை எதிர்க்கும் ஆற்றல் ஒரு பற்றீரியாவிலிருந்து வேறோர் இனப் பற்றீரியாவுக்குத் தொற்றிச் செல்லும் என்று 1959 ஆம் ஆண்டில் அங்குள்ள ஆய்வாளர் அறிவித்தனர். அதற்குமுன் அதனை எவரும் எதிர்பார்க்கவில்லை. பன்றியின் குடலிற் பிறந்த எதிர்ப்பு, பன்றியோடு நின்றுவிடவேண்டும் என்ற நியதி இல்லாமற் போயிற்று. பிரித்தானியாவில் ஈ. எஸ். அண்டர்சன் என்பவர் கன்றுகளிலிருந்து மனிதருக்குப் பரவிய சல்மொனல்லாக் கிருமிகளை 1965 ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து உரத்த குரல் எழுப்பினார். அதன் விளைவாக நியமிக்கப்பட்ட சுவான் குழு 1969 ஆம் ஆண்டு நவம்பரில் அறிக்கை சமர்ப்பித்தது. மனிதருக்கும் விலங்குக்கும் சிகிச்சையில் உதவும் பெனிசிலின், ரெற்றாசைக்கிளின் முதலியவற்றை வளர்ச்சிக்காகத் தீவனத்திற் கலக்கக்கூடாது என்பது அதன் முடிவு. நல்ல முடிவுதான், ஆனால் முன்வாசலைப் பூட்டியவர்கள் பின்வாசலைத் திறந்தே வைத்தனர். மிருக வைத்தியர் எழுதிக்கொடுத்தால் அதே மருந்தை நோய்த் தடுப்பு என்ற பெயரிலே கொட்டில் முழுவதற்கும் ஊட்டலாம். பிற மருந்துகளை வளர்ச்சிக்காகவே தொடர்ந்து கலக்கலாம்.

துணிந்து முதலடி வைத்தது சுவீடன். அதுவும் அந்நாட்டு விவசாயிகளின் சம்மேளனமே முன்வந்து கேட்க, 1986 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் வளர்ச்சிக்கான நுண்ணுயிர்க்கொல்லிகள் அனைத்தும் அங்கே தடைசெய்யப்பட்டன. மாட்டுக்கும் கோழிக்கும் பெரிய தொல்லை வரவில்லை. பால் மறந்த பன்றிக்குட்டிகளே அவதிப்பட்டன. அவற்றின் இறப்பு நூற்றுக்கு ஒன்றரை அளவாற் கூடிற்று. 25 கிலோகிராம் எடையை எட்டுவதற்கு ஐந்தாறு நாட்கள் மேலதிகமாகப் பிடித்தன. வளர்ச்சிக்கு ஊட்டிய மருந்தை நிறுத்திவிட்டுச் சிகிச்சைக்கென மருந்தைக் கூட்டவேண்டிய நிலையும் சில ஆண்டுகள் இருந்தது. பின்னர் அவர்கள் தீவனத்திற் புரதத்தைக் குறைத்தனர். கொட்டிலில் வைக்கோல் பரப்பினர். ஒரு தொகுதிக் குட்டிகள் முழுவதும் வெளியேறிக் கொட்டிலைக் கழுவிய பின்னரே அடுத்த தொகுதியை விட்டனர். குட்டியைப் பிரிக்கும் நாளையும் தள்ளிவைத்தனர்.

அயல்நாடாகிய டென்மார்க் பன்றியிறைச்சியை உலகெங்கும் விற்கும் நாடு. அங்கே 1989 ஆம் ஆண்டில் போல்சன் என்னும் ஆய்வாளர் வேறொரு வழியைக் காட்டினார். பால் மறந்த முதல் இரண்டு வாரங்களில், ஒரு கிலோகிராம் தீவனத்தில் ஏறக்குறைய 2,500 மில்லிகிராம் நாகம் இருக்குமாறு நாக ஒட்சைட்டைக் கலந்தால் வயிற்றோட்டம் நன்கு குறைகின்றது. குட்டியின் சாதாரணத் தேவையிலும் இது பன்மடங்கு. மருத்துவருக்குத் தேவையான மருந்து எதுவும் இதில் வீணாகவில்லை என்பதால் எல்லோருக்கும் இவ்வழி பிடித்தது. டென்மார்க் 1995 இல், மருத்துவமனைகளில் உயிர்காக்கும் வங்கோமைசினின் உறவு மருந்தாகிய அவொபார்சினைத் தடைசெய்து, 1999 ஆம் ஆண்டு முடிவுக்குள் குட்டிகளுக்கும் வளர்ச்சி மருந்துகளை நிறுத்தியபோது, பெருந்துணையாக நின்றது இந்த வெண்பொடியே. 2006 ஆம் ஆண்டு ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவ்வழியிற் சென்றது.

ஆனால் நாகம் ஓர் உலோகம், அது அழிவதில்லை. குட்டி உண்டதிற் பெரும்பகுதி எருவோடு வயலுக்குப் போய் மண்ணிலே ஆண்டுக்காண்டு சேர்ந்தது. அதற்கும் மேலாக, நாகத்தைத் தாங்கப் பழகிய கிருமிகளுட் சில நுண்ணுயிர்க்கொல்லிகளையும் கூடவே தாங்குகின்றன எனத் தெரியவந்தது. பன்றிகளில் வாழும் மெதிசிலினுக்கு அடங்காத ஸ்ரபிலோகொக்கசு அதற்கு ஓர் உதாரணம். 2017 இல் ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்து, ஐந்தாண்டு தவணை கொடுத்து, 2022 ஆம் ஆண்டு ஜூன் 26 ஆம் திகதியோடு நாக மருந்துக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. ஊட்டத்துக்கென ஒரு கிலோகிராமுக்கு 150 மில்லிகிராம் வரையே இன்று அனுமதி. தடைக்குப் பின் டென்மார்க்கிலே நியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியின் பயன்பாடு குட்டிகளிடையே கூடியது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவருக்குச் சீனத்தில் நடந்ததைச் சொல்லவேண்டும். கொலிஸ்ரின் என்பது சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யும் என்று மருத்துவர்கள் ஒதுக்கிவைத்த பழைய மருந்து. பன்றிக்குட்டியின் வயிற்றோட்டத்துக்கு அதனை நாடுகள் பலவும் தாராளமாகப் பயன்படுத்தின. இதற்கிடையில், வேறெதற்கும் அடங்காத கிருமிகள் மனிதரைத் தாக்கத் தொடங்கவே, மருத்துவர் கடைசிக் கையிருப்பாக அதே கொலிஸ்ரினைத் தேடி எடுத்தனர். 2015 ஆம் ஆண்டு நவம்பரிலே, கொலிஸ்ரினை வெல்லும் பரம்பரை அலகொன்று கிருமிக்குக் கிருமி தாவிச் செல்வதைச் சீன ஆய்வாளர் வெளிப்படுத்தினர். பன்றியிலும், கடையில் விற்ற பச்சை இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளரிடத்தும் அது காணப்பட்டது. 2017 இல் வளர்ச்சிக்காகக் கொலிஸ்ரினைத் தீவனத்திற் கலப்பதைச் சீனம் நிறுத்தியது.

இன்று பண்ணையாளர் கையில் உள்ளவை எவை? முதலில் அமிலங்கள். பிரித்தானியாவில் 1960 களிலேயே இலற்றிக் அமிலத்தைக் குட்டிகளின் குடிநீரிற் கலந்து பார்த்தனர். இப்போது போமிக் அமிலம், பென்சோயிக் அமிலம் முதலியன தீவனத்திற் சேர்க்கப்படுகின்றன. டென்மார்க்கில் தானியமாவை நீரோ மோரோ கலந்து புளிக்கவைத்து ஊட்டும் பண்ணைகளும் உண்டு; அப்பத்துக்கு மாப் புளிக்கவைப்பவருக்கு இது புதுமையாகத் தோன்றாது. தாய்ப்பால் நின்றபோது போன புளிப்பைத்தான் இவை வேறு வழியிலே திருப்பித் தருகின்றன. உயிருள்ள நற்பற்றீரியாக்களையும் மதுவத்தையும் கலந்து விற்போர் ஏராளம். ஒரு பண்ணையிற் பலித்தது அடுத்த பண்ணையிற் பலிக்காமற் போவதும் அவற்றின் இயல்பு. விளம்பரத்தை நம்பி வாங்குவோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். வாய்வழி கொடுக்கும் தடுப்புமருந்தும் வந்திருக்கின்றது. சில பன்றிகளின் குடலில் கே-88 இழை பற்றிக்கொள்வதற்கு இடமே இல்லை என்று 1975 ஆம் ஆண்டிற் பிரித்தானியாவிற் கண்டறிந்தனர். அத்தகைய பன்றிகளைத் தெரிந்து இனம் பெருக்குவதும் நடைபெறுகின்றது.

இவற்றுள் எதுவும் தனித்து நின்று நாகத்துக்கு ஈடாகவில்லை. இரண்டு மூன்றைச் சேர்த்தே பண்ணையாளர் சமாளிக்கின்றனர். செலவு கூடினும் பலன் ஐயமில்லாதது, பிரிக்கும் நாளைப் பின்போடுவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கைப் பண்ணை விதிகள், குட்டிக்கு ஏறக்குறைய ஆறு வாரங்கள் தாய்ப்பால் வேண்டும் என்கின்றன. அங்கே ஆண்டுக்குக் கிடைக்கும் ஈற்று குறைவு. கொட்டிலுக்கு வேண்டிய இடம் அதிகம். அந்த இரண்டு வாரப் பாலின் விலையை இறைச்சி வாங்குபவரே கடையிற் செலுத்துகின்றார்.