சூடு பொய் சொல்லாது: வீட்டு ஆம்ப்ளிஃபயரின் வெப்ப வரலாறு



புது வீடு கட்டும் பிள்ளைகள் பலர் ஹாலில் ஹோம் தியேட்டர் வைக்கிறார்கள். டி.வி.க்குக் கீழே அழகான மர அலமாரி, கண்ணாடிக் கதவு, உள்ளே ஆம்ப்ளிஃபயர். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. "தொட்டால் சுடுகிறதே, பெட்டியில் ஏதும் குறையா?" என்று சிலர் கேட்டார்கள். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சூட்டுக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் அலமாரியை எப்படி அமைப்பது, கடைக்காரர் சொல்லும் வாட் கணக்கை எவ்வளவு நம்புவது இரண்டும் தானாகப் புரியும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வால்வுக் காலம். திருவிழா மைக் செட்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்த தலைமுறைக்கு அந்த ஆரஞ்சு ஒளி நினைவிருக்கும். வால்வு சூடானால்தான் வேலையே செய்யும். உள்ளே இருக்கும் இழை சூடேறி, எலக்ட்ரான்கள் வெளியே வந்தால்தான் மின்னோட்டம். 1947-இல் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் டி.டி.என். வில்லியம்சன் என்பவர் ஒரு ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பை வெளியிட்டார். வீட்டில் நல்ல இசை கேட்க விரும்பியவர்கள் பல நாடுகளில் அதைப் பார்த்துத் தாமே செய்துகொண்டார்கள். அதன் வெளியீடு 15 வாட். அதில் இருந்த கே.டி.66 என்ற வெளியீட்டு வால்வுகள் இரண்டு. ஒவ்வொன்றின் இழையைச் சூடாக்க மட்டும் சுமார் 8 வாட் வேண்டும். அதாவது ஒரு பாட்டும் பாடாமலே, அது தரக்கூடிய முழு ஒலிச் சக்திக்குச் சமமான மின்சாரம் இழைச் சூட்டுக்கே போய்விடும். ஆனாலும் அன்று யாரும் அதைப் பெரிய சிக்கலாக நினைக்கவில்லை. வால்வு கண்ணாடிக் குடுவை. சூட்டைத் தாங்கும். மேலே காற்றோட்டம் இருந்தால் போதும்.

அதே 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. இழை வேண்டாம், சூடேறக் காத்திருக்க வேண்டாம். ஆம்ப்ளிஃபயர் இனிக் குளிர்ந்துவிடும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. அந்த முதல் டிரான்சிஸ்டர்கள் ஜெர்மானியத்தால் ஆனவை. ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகவே ஆகாது. 80, 90 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே வேலை செய்ய மறுத்துவிடும்.

இதை எல்லோருக்கும் புரியவைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1954 மே மாதம், ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஒரு பொறியாளர் மாநாடு. சிலிக்கானில் டிரான்சிஸ்டர் வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கார்டன் டீல் எழுந்து, சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் தன் சட்டைப் பையிலேயே இருப்பதாகச் சொன்னார். ஒரு ரெக்கார்டு பிளேயரை ஓடவிட்டார். அதன் ஆம்ப்ளிஃபயரில் இருந்த ஜெர்மானிய டிரான்சிஸ்டரைச் சூடான எண்ணெயில் முக்கினார். பாட்டு நின்றுவிட்டது. பிறகு சிலிக்கான் டிரான்சிஸ்டரை மாட்டி அதே எண்ணெயில் முக்கினார். பாட்டு நிற்காமல் ஓடியது. அதற்கு மேல் விளக்கம் எதற்கு? பத்துப் பக்கப் பாடத்தைவிட ஒரு செயல்விளக்கம் மனத்தில் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சிலிக்கான் வந்தும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. டிரான்சிஸ்டருக்கு ஒரு குணம் உண்டு. சூடு ஏற ஏற, அதே மின்னோட்டத்துக்குத் தேவையான தொடக்க மின்னழுத்தம் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். அதனால் மின்னோட்டம் கூடும். கூடினால் சூடு ஏறும். சூடு ஏறினால் மின்னோட்டம் இன்னும் கூடும். இப்படியே போய்க் கடைசியில் டிரான்சிஸ்டர் எரிந்துபோகும். பொறியாளர்கள் இதற்கு ஒரு எளிய வழி கண்டார்கள். சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகட்டிலேயே, அதாவது ஹீட் சிங்கிலேயே, ஒரு சிறிய டிரான்சிஸ்டரைச் சேர்த்துப் பொருத்தினார்கள். காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டர் வைப்பது போலத்தான். தகடு சூடானால் அது உணர்ந்து மின்னோட்டத்தைத் தணித்துவிடும். இன்றும் பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களில் இந்த ஏற்பாடு உண்டு.

இப்போது 'கிளாஸ் ஏ', 'கிளாஸ் பி' என்று சொல்கிறார்களே, அதைப் பார்ப்போம். மரம் அறுக்கும்போது ரம்பத்தை இரண்டு பேர் இருபுறமும் பிடிப்பார்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் ஓய்வெடுப்பார். அது கிளாஸ் பி. சக்தி மிச்சம். ஆனால் கை மாறும் அந்தக் கணத்தில் சின்ன உதறல் வரும். இசையில் அது கரகரப்பாகக் கேட்கும். ஓய்வே இல்லாமல் இரண்டு பேரும் எப்போதும் முறுக்கேறி நின்றால் அது கிளாஸ் ஏ. ஒலி சுத்தம், ஆனால் சும்மா இருக்கும்போதும் சூடு. 1969-இல் ஜான் லின்ஸ்லி ஹூட் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்ட கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர் 10 வாட் தரும். அதற்கு ஒரு பக்க ஸ்பீக்கருக்கு மட்டும் இடைவிடாமல் 30 வாட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே, கை மாறும்போது யாரும் முழுதாக விட்டுவிடாமல் லேசாகப் பிடித்திருப்பதுதான் கிளாஸ் ஏபி. நம் வீடுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இனி வருவது வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வாட் போட்டி சூடு பிடித்தது. பாப் கார்வர் வடிவமைத்த 'ஃபேஸ் லீனியர் 700' பக்கத்துக்கு 350 வாட் தந்தது. அது உண்மையான சக்தி. ஆனால் கடைகளில் வாயில் வந்த எண்ணையெல்லாம் வாட் என்று அச்சிட்டு விற்றவர்களும் இருந்தார்கள். 1974-இல் அமெரிக்க அரசின் எஃப்.டி.சி. என்ற வர்த்தக ஆணையம் விதி கொண்டுவந்தது. வாட் அளப்பதற்கு முன், ஆம்ப்ளிஃபயரை அறிவித்த சக்தியில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். அறை வெப்பம் குறைந்தது 25 டிகிரி இருக்க வேண்டும். அதன் பிறகுதான் அளவு.

ஏன் மூன்றில் ஒரு பங்கு? முழுச் சத்தத்தில் ஓட்டினால்தானே கடினமான சோதனை? இங்கேதான் கணக்குப் பாடம். 100 வாட் தரும் கிளாஸ் பி ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்வோம். முழுச் சக்தியில் அதன் திறன் அதிகபட்சம் 78.5 சதவீதம். வெளியே 100 வாட், உள்ளே வெப்பமாகத் தங்குவது சுமார் 27 வாட். மூன்றில் ஒரு பங்கில் வெளியே போவது 33 வாட், உள்ளே தங்கும் வெப்பமோ 40 வாட்! சத்தத்தைக் குறைத்தால் சூடு கூடுகிறது. குழாயைப் பாதி மூடிப் பிடித்தால் உராய்வு அதிகமாவது போல, பாதி திறந்த டிரான்சிஸ்டரில்தான் விரயம் அதிகம். ஏறத்தாழ 40 சதவீதச் சக்தியில் இந்த விரயம் உச்சத்தைத் தொடும். அரசு தெரிந்தோ தெரியாமலோ மிகக் கொடுமையான இடத்தில் கை வைத்துவிட்டது.

நிறுவனங்களுக்கு இரண்டே வழி. ஹீட் சிங்கைப் பெரிதாக்க வேண்டும், அல்லது அச்சிடும் வாட்டைக் குறைக்க வேண்டும். வீட்டில் கேட்கும் பாட்டு எப்போதும் மூன்றில் ஒரு பங்கில் ஓடாது, இது அநியாயம் என்று அவர்கள் முறையிட்டார்கள். அதில் நியாயமும் இருந்தது. பாட்டில் உரத்த இடம் கொஞ்சம், மெல்லிய இடம் அதிகம். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஆணையம் மூன்றில் ஒன்றை எட்டில் ஒன்றாகத் தளர்த்தியது. நம் உதாரணத்தில் அப்போது தங்கும் வெப்பம் சுமார் 32 வாட். ஆக, சோதனை எளிதாயிற்று என்றாலும் சூடு ஒன்றும் மறைந்துவிடவில்லை.

நம் ஊரில் 1990-களில் சின்ன டேப் ரெக்கார்டரிலும் 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்' என்று ஒட்டியிருந்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு எந்த அளவுமுறையும் கிடையாது. ஏமாறாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். பெட்டியின் பின்பக்கம் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று எழுதியிருக்கும். உள்ளே போவதைவிட அதிகமாகத் தொடர்ந்து வெளியே வர முடியாது. ஆற்றல் அழியாமை விதி எந்த விளம்பரத்துக்கும் வளைந்து கொடுக்காது.

சூட்டைக் குறைக்கும் முயற்சிகளும் நடந்துகொண்டே இருந்தன. 1975-இல் இங்கிலாந்தின் 'குவாட் 405' வந்தது. பீட்டர் வாக்கரும் மைக்கேல் ஆல்பின்சனும் செய்த வடிவமைப்பு அது. நுட்பமான வேலையை ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்ளும், பாரம் சுமப்பதைப் பெரிய டிரான்சிஸ்டர்கள் செய்யும். சூட்டுக்கேற்ப மின்னோட்டத்தைச் சரிசெய்யும் தலைவலியே அதில் இல்லை. முன்முகமே ஹீட் சிங்காக இருந்தது. 1977-இல் ஹிட்டாச்சி 'கிளாஸ் ஜி' முறையைக் கொண்டுவந்தது. தாழ்வாக ஒரு தொட்டி, உயரத்தில் ஒரு தொட்டி. சாதாரணத் தேவைக்குத் தாழ்ந்த தொட்டித் தண்ணீர், அவசரத்துக்கு மட்டும் உயர்ந்த தொட்டி. அதேபோல இரண்டு மின்னழுத்தங்களை வைத்துச் சூட்டைக் குறைத்தார்கள்.

பெரிய மாற்றம் 'கிளாஸ் டி'. பழைய மின்விசிறி ரெகுலேட்டரை நினைத்துப் பாருங்கள். கனமான பெட்டி, உள்ளே கம்பிச் சுருள், தொட்டால் சுடும். இப்போதைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் சுவிட்சு அளவுதான், அவ்வளவாகச் சுடுவதில்லை. மின்சாரத்தை எதிர்த்துத் தடுக்காமல், விட்டு விட்டுத் தருகிறது. கிளாஸ் டி-யும் அந்த இனம்தான். டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்திருக்கும், அல்லது முழுதாக மூடியிருக்கும். வினாடிக்கு லட்சக்கணக்கான முறை இப்படி நடக்கும். இங்கிலாந்தின் சின்க்ளேர் நிறுவனம் 1964-லேயே 'எக்ஸ்-10' என்ற பெயரில் முயன்று பார்த்தது. அன்றைய டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகம் வரவில்லை. வேகமான மாஸ்ஃபெட்டுகள் வந்த பிறகுதான் அது வென்றது. இன்று 90 சதவீதத் திறன் சாதாரணம். உள்ளங்கை அளவு பெட்டி 100 வாட் தருவது இதனால்தான்.

வரலாறு முடிந்தது. இனி வீட்டு வேலை.

1. சூடு குறையல்ல. கை வைத்தால் இளஞ்சூடாக இருப்பது இயல்பு. இரண்டு வினாடிகூட வைக்க முடியாவிட்டால் கவனியுங்கள். கருகிய வாசனை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

2. சோதனைச் சாலையின் 25 டிகிரி வேறு, நம் சித்திரை வெயிலின் 40 டிகிரி வேறு. ஹீட் சிங்க் அறைக் காற்றைவிட 30 டிகிரி கூடுதலாகச் சூடேறும் என்றால் அங்கே 55, இங்கே 70. மூடிய அலமாரிக்குள் இன்னும் மேலே போகும்.

3. உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது துறையில் எல்லோரும் கொள்ளும் கணக்கு. கதவைத் திறந்து வைத்தாலே பெட்டி பல ஆண்டு கூடுதலாக உழைக்கும்.

4. மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அலமாரியின் பின்பலகையில் கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு. சூடான காற்று மேலேறும், குளிர்ந்தது கீழே நுழையும். ஆறாம் வகுப்புப் பாடம்தான்.

5. தூசி படியாமல் மேலே பூ வேலைத் துணி விரிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பெட்டி மேல் பெட்டி அடுக்காதீர்கள். தூசியை மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள்.

தச்சருக்கு அளவு கொடுக்கும் முன் இந்தப் பதிவை ஒருமுறை காட்டுங்கள். காற்றுக்கு வழி விட்டுச் செய்த அலமாரியும் அழகாகவே இருக்கும். பிள்ளைகள் தூங்கும் வீடு அது. பாட்டும் நிம்மதியும் சேர்ந்தே இருக்கட்டும்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லோரும் நலமோடு வாழ்க.