கணினித் திரை அடாப்டர்

கணினியிலிருந்து காட்சிச் சமிக்ஞை புறப்படும் வாயிலும், அதனை ஏற்க வேண்டிய திரையின் வாயிலும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவிடத்து, அவ்விரண்டையும் இணைக்கும் பொருட்டு நடுவே வைக்கப்படும் சிறு சாதனம் திரை அடாப்டர் எனப்படும். சமிக்ஞையைத் தொடாமல் கம்பிகளை மட்டும் ஒரு வடிவப் பிளக்கிலிருந்து மற்றொரு வடிவப் பிளக்குக்குக் கொண்டு சேர்ப்பன ஒருவகை. உள்ளே ஒரு சிப்பை வைத்துக்கொண்டு சமிக்ஞையையே வேறொன்றாக மாற்றித் தருவன மற்றொரு வகை. கடையில் இரண்டும் ஒரே வரிசையில், ஏறக்குறைய ஒரே தோற்றத்துடன் தொங்குவதால், பிளக்கின் வடிவத்தை மட்டும் பார்த்து வாங்குவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகின்றனர்.

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள ஈப்போ மாநகரின் தென்கிழக்கே, சாம் போ தோங், கெக் லோக் தோங் முதலிய குகைக் கோயில்களைத் தம்முள் கொண்ட சுண்ணாம்புக்கல் மலைகளை ஒட்டி அமைந்த குனோங் ராபாட் போன்ற குடியிருப்புகளில், இச்சாதனத்தின் அவசியம் மிகச் சாதாரணமான ஒரு காரணத்தால் எழுகிறது. கணினி சில ஆண்டுகளில் பழையதாகிவிடுகிறது. திரையோ அதனினும் நெடுங்காலம் பழுதின்றி ஒளிர்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் கொரோனாத் தொற்றைத் தடுக்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து, பள்ளிப் பாடங்கள் வீட்டுக் கூடத்துக்குள் புகுந்தபோது, மடிக்கணினியின் சிறு திரையில் கண்ணைச் சுருக்கிப் படிக்கும் பிள்ளைக்காக, மூலையில் கிடந்த பழைய திரையைத் துடைத்தெடுத்து மேசைமேல் வைத்த பெற்றோர் பலருக்கும், அதன் பின்புறத்தில் இருந்த நீலநிற வாயிலுக்கு ஏற்ற துளை புதிய மடிக்கணினியில் இல்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. உழைக்கும் பொருளைக் குப்பையில் எறிய மனம் வராத குடும்பங்களுக்கு, சொற்ப விலையில் கிடைக்கும் ஓர் அடாப்டர் புதுத்திரையின் செலவை மிச்சப்படுத்தித் தருவது சிறிய உபகாரமன்று.

அந்த நீல வாயில் வி.ஜி.ஏ. எனப்படுவது. 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது பி.எஸ்./2 கணினிகளுடன் அறிமுகப்படுத்திய இது, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களையும் தொடர்ந்து ஏறியிறங்கும் மின்னழுத்தமாக, அதாவது அனலாக் முறையில், 15 ஊசிகளின் வழியே அனுப்புகிறது. 1999இல் வெளிவந்த டி.வி.ஐ., 2002இல் வந்த எச்.டி.எம்.ஐ., 2006இல் வெசா அமைப்பு வெளியிட்ட டிஸ்பிளேபோர்ட் ஆகியவை காட்சியை எண்களாக அனுப்பும் டிஜிட்டல் முறையைச் சார்ந்தவை, டி.வி.ஐ.யின் ஒருசில வடிவங்கள் மட்டும் அனலாக் சமிக்ஞையையும் தாங்குகின்றன. 2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி. உள்ளிட்ட நிறுவனங்கள் வி.ஜி.ஏ.வைப் படிப்படியாகக் கைவிடப்போவதாகக் கூட்டாக அறிவித்தன. ஆயினும் அந்த வாயிலைத் தாங்கிய திரைகள் இன்றும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

அடாப்டரைத் தேர்ந்தெடுப்பதில் முதலில் நிர்ணயிக்க வேண்டியது திசையாகும். மலாயைத் தமிழில் சொல்லும் துபாஷி தமிழை மலாயிலும் சொல்ல வல்லவராக இருக்கலாம். இக்கருவிகளுக்கோ, பெரும்பாலும், அந்த இருவழிச் சாமர்த்தியம் இல்லை. எச்.டி.எம்.ஐ. வாயிலுள்ள மடிக்கணினியை வி.ஜி.ஏ. திரையுடன் இணைக்க, எண்களை மின்னழுத்தமாக மாற்றும் சிப் அமைந்த கருவி தேவை; பழைய கணினியின் வி.ஜி.ஏ.யைப் புதிய எச்.டி.எம்.ஐ. திரைக்குக் கொண்டு செல்வதோ இதற்கு நேர்மாறான காரியமாதலால், அதற்கு வேறொரு கருவியை வாங்க வேண்டும். ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ.யும் மறுமுனையில் வி.ஜி.ஏ.யும் கொண்டு, நடுவே எவ்விதச் சிப்பும் இல்லாத வெறுங்கம்பியால் பொதுவாக எப்படமும் வாராது. சிப்புக்கு வேண்டிய மின்சாரம் எச்.டி.எம்.ஐ.யின் 5 வோல்ட் ஊசியிலிருந்தே கிடைக்கிறது. ஆனால் அவ்வூசி 55 மில்லி ஆம்பியர் தந்தாலே விதி நிறைவேறிவிடுகிறதாதலால், அதற்கு மேல் மின்சாரத்தை எதிர்பார்க்கும் மாற்றி சில மடிக்கணினிகளில் படத்தை விட்டுவிட்டுக் காட்டக்கூடும். இதன் பொருட்டே, தனி யு.எஸ்.பி. மின்வாயில் பொருத்திய மாற்றிகளும் விற்கப்படுகின்றன. அதற்கென்று சுவர்ப் பிளக்கில் செருகும் சார்ஜரைப் பயன்படுத்துவோர் அதில் மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரை உள்ளதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

டி.வி.ஐ.க்கும் எச்.டி.எம்.ஐ.க்கும் இடையே இத்தொல்லை இல்லை. இரண்டும் ஒரே சமிக்ஞை முறையைச் சார்ந்தவையாதலால், மலிவான வெறும் பிளக் மாற்றியே இரு திசையிலும் போதுமானது. டிஸ்பிளேபோர்ட்டின் நிலைமை வேறு. கணினியின் டிஸ்பிளேபோர்ட் வாயிலில் இரட்டைக் கூட்டல் குறி காணப்படுமாயின், அது எச்.டி.எம்.ஐ. மொழியையும் பேச வல்லதாதலால், எளிய அடாப்டரே எச்.டி.எம்.ஐ. திரைக்குப் போதும், ஆனால் எச்.டி.எம்.ஐ. மட்டும் உள்ள கணினியை டிஸ்பிளேபோர்ட் மட்டும் உள்ள திரையுடன் இணைக்க வேண்டின், வெளி மின்சாரம் பெறும் மாற்றி இன்றியமையாதது. இந்த ஒரு தாரதம்மியத்தை அறியாமலே பலர் தவறான பொருளை வாங்குகின்றனர்.

2014இல் வந்த யு.எஸ்.பி. டைப்-சி வாயில் வடிவத்தில் ஒருமையையும் ஆற்றலில் பன்மையையும் கொண்டது. அதன் வழியே டிஸ்பிளேபோர்ட் சமிக்ஞையை அனுப்பும் வசதி சில கணினிகளில் உண்டு. மலிவான பல மடிக்கணினிகளிலோ அது தகவல் பரிமாற்றத்துக்கும் மின்னேற்றத்துக்கும் மட்டுமே பயன்படுகிறது. வாயிலின் அருகே டிஸ்பிளேபோர்ட் சின்னமோ, தண்டர்போல்ட்டின் மின்னற் குறியோ இருப்பது நற்குறியாம். எதுவும் இல்லையெனில், தயாரிப்பாளரின் விவரக் குறிப்பைப் படித்தறியாமல் டைப்-சி அடாப்டரை வாங்குவது வீண். அவ்வசதியே இல்லாத கணினிக்கும் ஒரு வழி உண்டு: டிஸ்பிளேலிங்க் எனும் வகை அடாப்டர்கள், தனி மென்பொருளின் துணையால், காட்சியைச் சுருக்கிச் சாதாரண யு.எஸ்.பி. வழியே அனுப்புகின்றன. எழுத்து வேலைக்கும் பாடத்துக்கும் இது போதும். வேகமான விளையாட்டுகளுக்கு உகந்ததன்று.

அடுத்தபடியாக, பிம்பத்தின் அளவும் புதுப்பிப்பு வேகமும். 1920×1080 புள்ளிகள் கொண்ட திரைக்கு நல்ல வி.ஜி.ஏ. மாற்றியும் குறுகிய கம்பியும் போதுமானவை. 3840×2160 புள்ளிகள் கொண்ட திரையிலோ, மலிவான டைப்-சி அடாப்டர்கள் பல நொடிக்கு 30 முறை மட்டுமே படத்தைப் புதுப்பிப்பதால் சுட்டி தயங்கித் தயங்கி நகரும். அட்டையில் 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாக அச்சிட்டிருப்பதையே நாட வேண்டும். திரையின் சொந்தப் புள்ளி அளவுக்குக் கணினியை அமைப்பது தமிழ் வாசகருக்கு விசேஷமாக முக்கியமென்பது இக்கட்டுரையாசிரியரின் அபிப்பிராயம். அளவு பிசகிய திரையில் ஆங்கில எழுத்து ஒருவாறு தப்பிப் பிழைத்தாலும், ணகரத்தின் சுழிகளும் னகரத்தின் சுழிகளும் ஒன்றோடொன்று கலங்கி, படிக்கும் குழந்தையின் கண்ணைச் சோர்வடையச் செய்கின்றன. அளவு சரியாக இருந்தும் வி.ஜி.ஏ. திரையில் எழுத்து கலங்கித் தோன்றினால், அதிலுள்ள தானியங்கிச் சரிசெய் பொத்தானை ஒருமுறை அழுத்தினாலே அக்கலக்கம் பெரும்பாலும் நீங்கும்.

விலை மிகுந்த தங்கமுலாம் பிளக் படத்தை அழகாக்குவதில்லை. பேராக்கின் ஈரக் காற்றில் ஊசிகள் களிம்பேறாமல் காப்பதே அதன் பயன். ஈப்போவில் நேரில் சென்று வாங்குவோர் மடிக்கணினியையும் உடன் எடுத்துச் சென்று, கடையிலேயே திரையொன்றில் பொருத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது உத்தமம்.

வி.ஜி.ஏ.யில் ஒலி செல்லாது. ஆகையால் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றும் கருவியில் 3.5 மில்லிமீட்டர் ஒலித்துளை உள்ளதா எனப் பார்க்க வேண்டும், அல்லது மடிக்கணினியின் ஒலிபெருக்கியையே நம்பியிருக்க வேண்டும். எச்.டி.சி.பி. எனும் நகல் தடுப்புமுறை கொண்ட திரைப்படங்கள் இவ்வகை மாற்றி வழியே கறுப்புத் திரையாகவே தோன்றக்கூடும். அது கருவியின் பழுதன்று, பாடங்களுக்கும் எழுத்து வேலைக்கும் அதனால் இடையூறும் இல்லை.