இரண்டு மணி நேரக் களி: ஹைட்ரோமீட்டரின் வெப்பநிலைத் திருத்தம் எதைத் திருத்துகிறது?

மண்ணில் களி எத்தனை விழுக்காடு என்ற கேள்விக்குப் பல மண் பரிசோதனைக் கூடங்கள் ஹைட்ரோமீட்டரைக் கொண்டுதான் விடை சொல்கின்றன. 50 கிராம் மண்ணைக் கால்கன் கரைசலில் ஊறவைத்து, கலக்கியில் அடித்து, ஒரு லிட்டர் உருளையில் ஊற்றிக் குலுக்கி நிறுத்துகிறார்கள். 40 நொடியில் ஒரு வாசிப்பு (லிட்டருக்குக் கிராமில்), 2 மணி நேரம் கழித்து இன்னொன்று. கலங்கலின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் வாசிப்போடு 0.36 கூட்ட வேண்டும். இந்த 0.36 வெப்பநிலையின் குறுக்கீட்டை முழுவதுமாகக் களைந்துவிடுகிறது என்ற நம்பிக்கையின் மேல்தான் 2 மணி நேர வாசிப்பை ஆதரிக்கும் ஆய்வுகள் பலவும் நிற்கின்றன. அந்த நம்பிக்கைக்குக் கணக்கு இடம் தரவில்லை.

திருத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 998.2 கிராம், 30 டிகிரியில் 995.7 கிராம். நீரின் அடர்த்தி குறையும்போது ஹைட்ரோமீட்டர் சற்று ஆழ்ந்து மிதக்கிறது, வாசிப்பு குறைகிறது. மண் துகளின் அடர்த்தியை 2.65 என்று கொண்டால், இந்த அடர்த்திக் குறைவு லிட்டருக்கு ஏறத்தாழ 4.1 கிராம் மண் காணாமற்போனதற்குச் சமம். கண்ணாடிக் குமிழும் வெப்பத்தில் சிறிது விரிந்து மேலெழுவதால் அதில் சுமார் 0.4 கிராம் ஈடாகிவிடுகிறது. மிச்சம் 3.7 கிராம். பத்து டிகிரிக்கு 3.7 என்றால் ஒரு டிகிரிக்கு 0.37.

கைநூல் சொல்லும் 0.36-க்கும் இதற்கும் ஏறத்தாழ இடைவெளியே இல்லை. அதாவது அந்த எண் கருவி எங்கே மிதக்கிறது என்பதை மட்டுமே சரிசெய்கிறது. துகள்கள் அதற்குள் எவ்வளவு ஆழம் இறங்கிவிட்டன என்பதை அது தொடவே இல்லை.

அது அனுபவத்தில் கண்ட எண், படிவு வேகமும் அதற்குள் அடங்கியிருக்கலாமே என்ற மறுப்பு எழக்கூடும். அடங்கியிருக்க முடியாது. வெப்பம் கூடினால் அடர்த்தி குறைவதாலும் வாசிப்பு இறங்கும், துகள்கள் விரைந்து படிவதாலும் இறங்கும். இரண்டும் ஒரே திசையில் செல்பவை. இரண்டையும் சேர்த்த திருத்தம் 0.37-ஐவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தாக வேண்டும். அதோடு, எந்த அளவுத் துகள் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துப் படிவின் விளைவு மண்ணுக்கு மண் மாறும். எல்லா மண்ணுக்கும் பொருந்தும் ஒற்றை எண் அதற்குக் கிடைக்காது.

விட்டுப்போன பங்கு சிறிதல்ல. நீரின் பாகுநிலை 20 டிகிரியில் 1.002 மில்லிபாஸ்கல் நொடி. 30 டிகிரியில் 0.798. ஸ்டோக்ஸ் விதிப்படி துகள் ஏறத்தாழ 26 விழுக்காடு விரைவாக இறங்கும். 2 மணி நேரத்தில் ஹைட்ரோமீட்டர் 20 காட்டுகிறது, அதன் பயனுறு ஆழம் 13 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் அந்த வாசிப்பு பிரிக்கும் துகள் விட்டம் 4.5 மைக்ரான், 30 டிகிரியில் 4.0 மைக்ரான். குளிரூட்டி இல்லாத தமிழகத்து ஆய்வகம் ஒன்றில் அதே மண்ணை மார்கழிக் காலையில் அளந்தால் ஒரு களி, சித்திரை நண்பகலில் அளந்தால் அதைவிடக் குறைந்த களி. இரண்டிலும் 0.36 ஒழுங்காகவே கூட்டப்பட்டிருக்கும்.

இதில் எந்த விட்டமும் களியின் மேல் எல்லையான 2 மைக்ரான் இல்லை என்பதுதான் இன்னும் அடிப்படையான சிக்கல். அதே 13 செ.மீ. ஆழத்தில் 2 மைக்ரான் எல்லையை எட்ட 20 டிகிரியில் 10 மணி நேரம் வேண்டும், 30 டிகிரியில் 8 மணி நேரம். வாசிப்பு மாறினால் பயனுறு ஆழமும் மாறுவதால் பிரிவு எல்லை மண்ணோடு சேர்ந்து நகர்கிறது. 20 டிகிரியில், மணற்பாங்கான மண்ணில் வாசிப்பு 5 என்றால் எல்லை 4.9 மைக்ரான், களி மிகுந்த மண்ணில் வாசிப்பு 40 என்றால் 3.9 மைக்ரான். ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகளில் ‘களி’ என்ற தலைப்பின் கீழ் வெவ்வேறு பொருள்கள் உட்கார்ந்திருக்கின்றன.

மிச்சிகனில் பணியாற்றிய ஜார்ஜ் புயூகோஸ் 1927-இல் இக்கருவியை அறிமுகம் செய்த கட்டுரையின் தலைப்பை இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். மண்ணின் கூழ்ம அளவை விரைவாகக் காணும் புதிய முறை என்றே அவர் அதை முன்வைத்தார். ஒப்பிட்டுப் பார்த்ததும், மண் நனையும்போது வெளிப்படும் வெப்பத்தை அளக்கும் நனைவெப்ப முறையில் கிடைத்த கூழ்ம அளவோடுதான். 2 மைக்ரான் களியின் பொறுப்பு இந்தக் கருவியின் மேல் பின்னர் ஏற்றப்பட்டது. 1962-இல் அவரே முறையைச் செம்மைப்படுத்தி வெளியிட்டபோதும் 40 நொடி, 2 மணி நேரம் என்ற இரட்டை வாசிப்பு நிலைத்தது. விரைவுக்காக எழுந்த முறை அது; அந்த நோக்கில் அதன் அருமையை யாரும் மறுக்க வேண்டியதில்லை.

குறித்த ஆழத்திலிருந்து கலங்கலை உறிஞ்சி உலர்த்தி எடைபோடும் பிப்பெட் முறையோடு 2 மணி நேர வாசிப்பு நன்றாக ஒத்துப்போகிறது என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். ஆனால் பெரும்பாலும் காட்டப்படுவது ஒட்டுறவுக் கெழு. தேரி மணலிலிருந்து கரிசல் வரை மாதிரிகளை ஒரே வரைபடத்தில் இட்டால் எந்த இரண்டு முறைகளும் ஒட்டுறவு காட்டத்தான் செய்யும். உடன்பாடு வேறு, ஒட்டுறவு வேறு. உண்மையிலேயே எண்கள் நெருங்கும் இடங்களில் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கக் கூடும். முழுதும் பிரியாத களித் திரள்கள் வண்டலைப் போல விரைந்து படிந்து களியைக் குறைத்துக் காட்டும். அவசர வாசிப்போ நுண்வண்டலைக் களியோடு சேர்த்துக் கூட்டிக் காட்டும். இரும்பு ஆக்சைடு பிணைத்த செம்மண்ணிலும் சுண்ணாம்பு மிகுந்த கரிசலிலும் இதற்கு வாய்ப்பு அதிகம். எந்த அளவுக்கு என்பதை மண்தோறும் தனியே சோதித்தே சொல்ல முடியும்.

களித் துகள் தட்டையானது, கோளத்துக்கான ஸ்டோக்ஸ் விதி அதற்குப் பொருந்தாது என்ற ஆட்சேபம் இங்கே எடுபடாது. 2 மைக்ரான் என்ற எல்லையே படிவு முறைகளில் அதே வேகத்தில் படியும் கோளத்தின் விட்டமாகத்தான் வரையறுக்கப்படுகிறது. லேசர் கருவி வந்துவிட்டதே என்பதும் விடையாகாது. அது பிப்பெட்டைவிடக் களியைக் குறைத்துக் காட்டுவது துறையறிந்த செய்தி.

உரப் பரிந்துரைக்கு இந்த வேறுபாடு பெரிதில்லாமல் இருக்கலாம். வகைப்பாட்டில் அப்படியில்லை. வெர்டிசால் என்ற மண் வரிசையில் ஒரு மண்ணைச் சேர்க்கக் களி குறைந்தது 30 விழுக்காடு வேண்டும். நுண்வண்டல் மிகுந்த மண் ஒன்று 27-ஆக இருந்து 32 என்று அளக்கப்பட்டால் வரிசையே மாறிவிடும்.

ஆய்வகம் செய்ய வேண்டியது கடினமானதல்ல. மணலைச் சல்லடையில் பிரிக்கலாம். களிக்கு 1.5 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் வாசித்து, ஒவ்வொரு வாசிப்புக்கும் அன்றைய பாகுநிலையைக் கொண்டு விட்டம் கணக்கிட்டு, இரண்டுக்கும் நடுவே 2 மைக்ரானுக்குரிய மதிப்பை இடைக்கணிக்கலாம். வேலை அடுத்த நாளுக்கு நீளும், அவ்வளவே.

பழைய தரவுகளையும் கைவிட வேண்டியதில்லை. 0.36 கூட்டுவதற்காகவே கலங்கலின் வெப்பநிலையைக் குறித்தாக வேண்டியிருந்தது. எந்த ஆய்வகத்தின் பதிவேட்டில் அந்த வெப்பநிலையும் திருத்தாத வாசிப்பும் எஞ்சியிருக்கின்றனவோ, அங்கே அச்சான ‘களி’ ஒவ்வொன்றும் எத்தனை மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட களி என்பதை இன்றைக்கும் கணக்கிட்டு அதன் பக்கத்தில் எழுதிவிடலாம்.