குளவியும் தேனீயும்: கலஹாப் பாதையில் இத்தாலிய வண்டிகள்

பேராதனையிலிருந்து தெல்தோட்டை நோக்கி ஏறும் மலைப்பாதையில், தேயிலைச் சரிவுகளின் நடுவே அமைந்தது கலஹா. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் வணிகப் பயிராகத் தேயிலையை நட்ட லூல்கந்துரத் தோட்டம் இதன் அயலிலே உள்ளது. இப்பாதையில் இன்று ஓயாது ஏறியிறங்கும் முச்சக்கர வண்டியின் குலமுறையை ஆராயப்புகின், அது இத்தாலி நாட்டிற் சென்று முடியும்.

இரண்டாம் உலகப் போரில் பொந்தெதேராவிலிருந்த பியாஜியோ விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சாற் சிதைந்தது. போர் முடிந்தபின், வறுமையுற்ற மக்களுக்கு மலிவான ஊர்தி வேண்டுமெனக் கருதிய என்றிகோ பியாஜியோ, அப்பணியைக் கொறாதினோ தஸ்கானியோ என்னும் விமானப் பொறியியலாளரிடம் ஒப்படைத்தார். 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆந் திகதி உரிமைப்பதிவு பெற்ற அவ்வண்டியே 'வெஸ்பா'. அச்சொல் குளவியைக் குறிக்கும். விமானச் சக்கரம்போல் ஒருபக்கத் தண்டிலே பொருத்தப்பட்டமையால் அதன் முன்சக்கரத்தை எளிதிற் கழற்றலாம். இயந்திரம் பின்சக்கரத்தை அடுத்திருந்தமையாற் சங்கிலியும் வேண்டப்படவில்லை. 1947இல் மிலான் நகரின் இன்னொசெந்தி நிறுவனம் 'லம்பிரெட்டா'வை வெளியிட்டது. 1948இல் வெஸ்பாவினின்று மூன்று சக்கரச் சுமைவண்டியொன்று தோன்றியது. அதன் பெயர் 'ஆப்பே', அஃதாவது தேனீ.

இவ்வண்டிகள் இந்தியாவில் வேரூன்றின. 1959இல் இரு சக்கர, முச்சக்கர வண்டிகளை ஆக்க அரச அனுமதி பெற்ற பஜாஜ் நிறுவனம், 1960 முதல் 1971 வரை பியாஜியோவின் ஒத்துழைப்புடன் தொழில் நடத்தியது. மிலானில் லம்பிரெட்டா ஆக்கம் நின்றபின் அதன் பொறிகளை வாங்கியதும், 1972இல் லக்னோவில் நிறுவப்பட்ட இந்திய அரச நிறுவனமே.

இலங்கையிலோ அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு இறக்குமதியை இறுக்கியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, வாங்குதலினும் பேணுதலே அரிய கலையாயிற்று. இவ்வண்டிகளின் 'டூ ஸ்ரோக்' இயந்திரத்துக்குப் பெற்றோலிற் கலந்த எண்ணெயே மசகு. முதற்கால வெஸ்பாவுக்கு இருபது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் குறைந்தாற் பிஸ்ரன் இறுகும். மிகுந்தாற் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி படிந்து ஏற்றத்தில் வலிமை குன்றும். மலைநாட்டில் ஏற்றத்தினும் இறக்கமே சூழ்ச்சியுடையது. விசையை மூடியவாறு நெடுந்தூரம் இறங்கினாற் பெற்றோலுடன் எண்ணெயும் குறைய, விரைந்து சுழலும் இயந்திரம் வறண்டுபோகும். எனவே இறக்கத்திலும் இடையிடையே விசையைத் திறந்துவிடுவதே அறிந்தோர் வழக்கம். இத்தாலியில் வகுக்கப்பட்ட பொறிக்கு மலைப்பாதை எழுதிய உரை இது.

தேனீ பிறந்த 1948ஆம் ஆண்டிலேதான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிச் சரிவேறிய அம்மக்களுக்குச் சொந்த வண்டி கனவிலும் எட்டாதது. பிற்காலத்திற் பஜாஜ் முச்சக்கர வண்டி மலைநாடெங்கும் பரவியபோது, தோட்டத்து இளைஞர் பலர் தம் பெயரில் ஒரு வண்டியும், அதனாற் பிழைப்பும் பெற்றனர். புகை மிகுதி கருதி 2008இல் 'டூ ஸ்ரோக்' முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடுக்கப்பட்டது. வேறுவகை இயந்திரம் அவ்விடத்தை நிரப்பிற்று. தொழிலோ தொடர்ந்தது.

ஏழை நாட்டுக்கென ஆக்கப்பட்ட பொறி, நெடுவழி சுற்றி, ஏழையின் கையை வந்தடைந்தது. அதனை அங்கே நிலைபெறச் செய்தது ஆக்கியோர் அறிவு மட்டுமன்று. கரி சுரண்டி, கம்பி மாற்றி, அதனை ஓடவைத்த பெயரறியாத் தொழிலாளர் கைத்திறனுமாகும். இவ்வண்டிகளின் வரலாற்றை எழுதுவோர் அவர்களையும் எழுதுதல் வேண்டும்.