கைத்தடிக்குள் காசு

விழுப்புரத்துக்குப் பக்கத்தில், பம்பை ஆற்றங்கரையில் இருக்கிறது திருவாமாத்தூர். ஆக்கள், அதாவது பசுக்கள், சிவபெருமானை வழிபட்ட தலம் என்று புராணம் சொல்லும். அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய ஊர். ஆனால் சுற்று வட்டாரத்து ஜனங்களுக்கு இது முக்கியமாகச் சத்தியம் செய்கிற ஊர். இங்குள்ள வட்டப்பாறைக்கு முன் பொய்ச் சத்தியம் செய்தவன் பிழைக்கமாட்டான் என்பது நம்பிக்கை.

ஊரார் ஒரு கதை சொல்வார்கள். அண்ணன் ஒருவன் தம்பியின் பணத்தை அபகரித்துக்கொண்டான். "வட்டப்பாறையில் வந்து சத்தியம் செய், அண்ணா!" என்றான் தம்பி. அண்ணன் கைத்தடி ஒன்றைக் குடைந்து, பணத்தை உள்ளே போட்டு அடைத்துக்கொண்டு வந்தான். "இதைக் கொஞ்சம் பிடி, தம்பி" என்று தடியை அவன் கையில் கொடுத்தான். பிறகு, "உன் பணம் என்னிடம் இல்லை, உன்னிடமேதான் இருக்கிறது" என்று சத்தியம் செய்தான். வார்த்தைக்கு வார்த்தை உண்மை! ஆனாலும் திரும்பும் வழியில் நாகம் தீண்டி மாண்டான்.

இதே தந்திரம், 1615-ல் ஸ்பெயினில் வெளியான 'டான் குயிக்ஸாட்' இரண்டாம் பாகத்திலும் வருகிறது. அங்கே நாகம் வரவில்லை. நீதிபதியாக உட்கார்ந்த சாங்கோ பான்ஸா தடியை உடைக்கச் சொல்லிவிடுகிறான்.

'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கைத்தடிதான் ஞாபகம் வருகிறது. "வெள்ளைக்காரன் சட்டைப் பையில் கிடக்கும் கேஷ் வேறொன்றுமில்லை, நம்முடைய காசு!" என்று மேடையில் முழங்குகிறவர்களை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கைதட்டலுக்குக் குறைவிருக்காது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கிலத்தில் குடியேறியது உண்மைதானே? காசு போயிருக்கக் கூடாதா?

போயிருக்கிறது. ஆனால் சட்டைப் பைக்குள் அல்ல. ஆங்கிலத்தில் இரண்டு 'கேஷ்' உண்டு. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ், லத்தீனில் பெட்டி என்று பொருள்படும் 'காப்ஸா'வின் பேரன். இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் அதற்கு அர்த்தம் பணமல்ல, பணப்பெட்டி. நம் கடைக்காரர் பாஷையில் கல்லாப்பெட்டி. பெட்டியின் பெயர் பிறகு உள்ளேயிருந்த பணத்துக்கு வந்துவிட்டது. வைத்தியர் கொடுக்கும் 'கேப்ஸ்யூல்' மாத்திரையும் அதே காப்ஸாவின் வம்சந்தான், சின்னப் பெட்டி! ஆனால் உத்தியோகத்திலிருந்து விரட்டுவதற்கும் 'கேஷியர்' என்றே ஒரு வினைச்சொல் இருக்கிறதே, அது வேறு குடும்பம். அதன் வேர் 'வெறுமை' என்னும் லத்தீன் சொல்.

இரண்டாவது கேஷ்தான் நம்முடையது. தமிழ்நாட்டுக் கரையில் இறங்கிய போர்த்துகீசியர் வாயில் காசு 'காய்ஷா' ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் மொழியில் பெட்டிக்கும் 'காய்ஷா' என்றுதான் பெயர். கைத்தடிக்குள் பணம் போனது போல, பெட்டிக்குள் நம் காசு போய் ஒளிந்துகொண்டது! அவர்களிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர் அதை 'கேஷ்' ஆக்கினார்கள்.

இது வெறும் அகராதிச் சங்கதியல்ல. கணக்குப் புத்தகத்துச் சங்கதி. சென்னை ராஜதானியில் 1818 வரை 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். கம்பெனியார் பர்மிங்ஹாமில் 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்களை அச்சடித்தார்கள். அவற்றை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்து மணல்திட்டிலேயே மூழ்கிவிட்டது. திருவாங்கூரிலோ 16 காசு ஒரு சக்கரமாக இருபதாம் நூற்றாண்டிலும் செலாவணியில் இருந்தது. சீனாவின் சதுர ஓட்டைச் செப்பு நாணயத்தையும் ஐரோப்பியர் 'கேஷ்' என்றே அழைத்தார்கள். சீனர்கள் தம் பாஷையில் வைத்த பெயர் அதுவல்ல. தமிழ்க் காசின் பெயர் கப்பலேறிப் போய் ஒட்டிக்கொண்டது.

இவ்வளவு சொந்தச் சொத்து இருக்கும்போது, அடுத்த வீட்டுக் கல்லாப்பெட்டியில் கை வைப்பானேன்? தமிழிலேயே காசுக்கு எத்தனை பொருள்! நாணயம் காசு, மணியும் காசு, குற்றமும் காசு. வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், பிறப்பு என்பவற்றோடு காசும் ஒரு வாய்பாடு. சோழர் காலத்தில் பொன்னாகவும், பிற்காலத்தில் செம்பாகவும் புழங்கிய சொல் அது.

ஒலி ஒத்துப்போனதை மட்டும் காட்டி, "இது எங்களுடையது" என்று சாதிப்பது அந்த அண்ணன் செய்த சத்தியம்தான். கேட்கிறவனுக்கு மறுக்க வழியில்லை, ஆனால் உண்மையுமில்லை. அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. ஒரு பொய் வெளிப்பட்டால், நாம் நியாயமாகச் சொல்லும் ஒன்பது உண்மைகளையும் உலகம் சந்தேகிக்கும்.

பஞ்ச காலத்தில் திருவீழிமிழலை இறைவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு காசு கொடுத்தார் என்கிறது பெரிய புராணம். சம்பந்தர் பெற்ற காசை மாற்றப் போனால் கடைக்காரர்கள் வாசி, அதாவது வட்டம், கேட்டார்கள். தெய்வம் தந்த காசானாலும் மாற்று நோக்காமல் வாங்கமாட்டோம் என்று நின்றார்கள் அந்த வியாபாரிகள்! சம்பந்தர் கோபித்துக்கொள்ளவில்லை. இறைவனிடமே போய், வாசியில்லாத நல்ல காசு வேண்டுமென்று பாடிப் பெற்றுவந்தார்.

சொற்களின் கடைத்தெருவிலும் அந்தக் கண்டிப்பு வேண்டும்.