வாக்கி-டாக்கியும் அதன் தூரமும்

கையில் பிடித்துப் பேசும் இருவழி ரேடியோவைப் பற்றி விசாரிக்கிறவர் எவராயினும், அது எத்தனை வாட் சக்தி உடையது என்றே முதலில் கேட்கிறார். ஆனால் அச்சாதனத்தின் சரித்திரத்தை நிதானமாகப் படிப்பவருக்கு, அதன் குரல் எட்டும் தூரம் வளர்ந்தது பெரும்பாலும் சக்தியைக் கூட்டியதனால் அன்று என்பதும், அலையைத் தேர்ந்தெடுப்பதிலும், ஏரியலை அமைப்பதிலும், எல்லாவற்றுக்கும் மேலாக அதை உயர்த்துவதிலும் மனிதர் செலுத்திய புத்தியினாலேயே என்பதும் விளங்கும்.

உயரத்தின் மகிமையை முதலில் அநுபவத்தில் கண்டவர் மார்க்கோனி. 1895ஆம் ஆண்டில், இத்தாலியிலே போலோன்யா நகரத்துக்கு அருகிலிருந்த தம் குடும்ப மாளிகையில் பரிசோதனை செய்துகொண்டிருந்த அந்த இளைஞர், ஏரியலின் ஒரு பகுதியை உயரத்தில் நிறுத்தி மற்றொரு பகுதியைப் பூமியோடு இணைத்ததும், அதுவரை குறுகிய எல்லைக்குள் அடங்கியிருந்த சமிக்ஞை, குன்றைத் தாண்டிச் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் சென்று சேர்ந்தது. ரேடியோவின் வரலாறு முழுவதிலும் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் உண்மை இது.

கைக்கு அடக்கமான கருவி பிறந்ததோ இரண்டாம் உலக யுத்தத்தின் நெருக்கடியில். பின்னாளில் மோட்டரோலா என்று பெயர் மாறிய சிகாகோ நகரத்துக் கால்வின் கம்பெனியார், டான் மிச்செல் என்ற பொறியாளரின் தலைமையில், அமெரிக்க ராணுவத்துக்காக எஸ்ஸீஆர்-536 என்ற கருவியை ஆக்கினார்கள். ஐந்து வால்வுகளும் இரண்டு பாட்டரிகளும் கொண்டு, ஏறத்தாழ ஐந்து ராத்தல் நிறையுடையதாய், ஏரியலை இழுத்து நீட்டினாலே உயிர் பெறும்படி அமைந்த அது, போர்முனையில் ஓடியும் தவழ்ந்தும் செல்லும் சிப்பாயின் ஒரு கைக்குள் அடங்கியது என்பதே அக்காலத்தில் பேரதிசயம். ஆயினும் அதன் குரல் நிலத்தில் ஏறக்குறைய ஒரு மைல்தான் சென்றது; உப்பு நீர்ப்பரப்பின் மேலாயின் மூன்று மைல் வரை செல்லும்.

இந்தக் குறைக்குக் காரணம் அலைநீளமே. 3.5 முதல் 6 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்ணில் அது பேசியது. 5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 60 மீட்டர். அதற்கு ஏற்ற கால் அலை ஏரியல் வேண்டுமானால் 15 மீட்டர் நீளம் இருக்கவேண்டும். சிப்பாயின் கையில் இருந்ததோ ஒரு மீட்டர்க் கம்பி. பாட்டரி தந்த சொற்ப சக்தியிலும் பெரும்பகுதி, அலையாக வெளியேற வழியின்றிக் கருவிக்குள்ளேயே வீணாயிற்று.

அதே கம்பெனியில் டேனியல் நோபிள் என்ற பொறியாளர் வேறொரு வழியை வற்புறுத்தினார். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933இல் பேடண்ட் பெற்ற எஃப்.எம். முறையையும், 40 முதல் 48 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள உயர்ந்த அதிர்வெண்ணையும் கொண்டு எஸ்ஸீஆர்-300 உருவாயிற்று. அதன் ரேடியோப் பகுதியை வகுத்தவர்களுள் முதன்மையானவர் போலந்தில் பிறந்த ஹென்ரிக் மக்னுஸ்கி. பதினெட்டு வால்வுகளோடு ஏறத்தாழப் பதினைந்து கிலோ நிறையுடன் முதுகிலே சுமக்கவேண்டிய மூட்டை அது. ஆனால் குரல் மூன்று மைல் தெளிவாகச் சென்றது. அலை குறுகியதனால் ஏரியல் அதற்கு ஏற்ற அளவை அடைய முடிந்தது, எஃப்.எம். முறையோ மோட்டார்களின் இரைச்சலையும் வான்மின் கொந்தளிப்பையும் பெருமளவு அடக்கி, மெலிந்து வரும் குரலையும் காதுக்குப் புலப்படச் செய்தது. அதனுடன் இரண்டு ஏரியல்கள் தந்தார்கள்: நடக்கும்போது பயன்படக் குட்டையான ஒன்று, நின்று தூரத்தோடு பேசப் பத்தடிக்கு மேல் நீண்ட மற்றொன்று. தூரம் வேண்டுமானால் ஏரியலை மாற்று என்ற உபதேசம் அப்போதே அந்தப் பெட்டியோடு போயிற்று. யுத்த காலத்தில் தம் பேடண்டுகளை அமெரிக்க ராணுவம் ராயல்டி இன்றிப் பயன்படுத்த ஆர்ம்ஸ்ட்ராங் இசைந்தார் என்பதை இங்கே நன்றியோடு நினைக்கவேண்டும். பின்னர் அவர் வழக்குகளில் அலைக்கழிந்து 1954இல் உயிர் நீத்தது இத்துறையின் மாறாத துயரம்.

யுத்தத்துக்குப் பின் டிரான்சிஸ்டர் வந்து வால்வுகளை அகற்றியது. 1962இல் மோட்டரோலாவின் எச்.டி.-200 ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் கைக்கு வந்தது. அதிர்வெண் மேலும் உயர, ஏரியல் மேலும் குறுகியது. ஆனால் இந்தக் குறுகிய அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. பூமியின் வளைவே அவற்றுக்கு வேலி. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்த கருவியின் அலைக்கு அடிவானம் சுமார் 5 கிலோமீட்டர். ஆகவே திறந்த சமவெளியிலும் அப்படி இருவர் பேசிக்கொள்ளக்கூடிய எல்லை 10 கிலோமீட்டர்தான். அதே ஏரியலை நூறு மீட்டர் உயரத்தில் வைத்தால் அடிவானம் 41 கிலோமீட்டருக்கு விலகிவிடும். சக்தியைப் பெருக்குவதோ மிகக் கஞ்சத்தனமாகவே பலன் தரும்: தடையற்ற வெளியில் தூரத்தை இருமடங்காக்க நான்கு மடங்கு சக்தி வேண்டும், நிலத்தை ஒட்டிச் செல்லும்போது பதினாறு மடங்கு வரை வேண்டியிருக்கும்.

இதனால்தான் மலைமுகட்டிலும் உயர்ந்த கட்டடங்களிலும் ரிப்பீட்டர் நிலையங்கள் எழுந்தன. கீழே தெருவில் நிற்பவரின் மெலிந்த குரலை ஓர் அதிர்வெண்ணில் கேட்டு, அதே கணத்தில் வேறோர் அதிர்வெண்ணில் வலிவாக ஒலிபரப்பும் அவை, எளிய கைக்கருவிக்கு மலையின் உயரத்தையே கடன் கொடுத்தன. பெருநகரப் போலீஸ் இலாகாக்கள் வேறொரு சங்கடத்தையும் தீர்க்க வேண்டியிருந்தது. தலைமை நிலையத்தின் பலத்த குரல் காவலருக்குக் கேட்கும். காவலரின் பதிலோ நிலையத்தை எட்டாது. நகரின் பல மூலைகளில் கேட்கும் கருவிகளை மட்டும் நிறுவி, அவற்றுள் எது தெளிவாகக் கேட்கிறதோ அதைத் தானே தெரிந்தெடுக்கும் ஏற்பாட்டை அமைத்த பின்பே அச்சங்கடம் நீங்கியது. ஆபத்தில் இருக்கும் காவலரின் பலவீனமான குரலுக்காக இவ்வளவு செலவு செய்தது மிக நியாயமான காரியம் என்றே நான் கருதுகிறேன்.

வசதியை நாடி நாம் இழந்ததும் உண்டு. கருவியின் தலையில் இன்று காணும் ரப்பர் உறையிட்ட குட்டை ஏரியல், கம்பியைச் சுருளாக்கிச் சுருக்கியது. முறியாது, உறுத்தாது, ஆனால் முழு நீள ஏரியலுக்கு அது ஈடாகாது. 145 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறவருக்குக் கால் அலை என்பது அரை மீட்டர்க் கம்பிதான். ஆகவே கைக்கருவியை நம்பி மலையேறுகிறவர்களும், கடலுக்குச் செல்கிறவர்களும், வெள்ள நிவாரணத்தில் ஈடுபடுகிறவர்களும், அதிக வாட் கொண்ட கருவிக்குப் பணம் கொடுக்குமுன், கையிலிருக்கும் கருவிக்குப் பொருத்தமான நீண்ட ஏரியலை வாங்கிப் பூட்டி, அதை நிமிர்த்திப் பிடித்து, கிட்டியவரையில் உயர்ந்த இடத்தில் நின்று ஒருமுறை பேசிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.