ஸ்வீடனின் சிறப்புப் படை: யாரைச் சேர்க்கிறார்கள், எதற்கு அனுப்புகிறார்கள்?

ஸ்வீடன் என்றதும் நமக்கு நோபல் பரிசு நினைவுக்கு வரும். 2023-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த குர்ஆன் எரிப்புச் சம்பவங்களும் நினைவுக்கு வரும். அந்நாட்டு இராணுவத்தைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. 1814-க்குப் பிறகு எந்த நாட்டின் மீதும் போர் தொடுக்காத நாடு அது. ஆனாலும் அதன் மிகத் தேர்ந்த படைப்பிரிவு ஆப்கானிஸ்தான், மாலி போன்ற முஸ்லிம் நாடுகளில் துப்பாக்கியோடு நின்றிருக்கிறது. அந்தப் படை எது, அதில் யாரைச் சேர்க்கிறார்கள், அது தவறு செய்தால் கேட்பது யார் என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

அந்தப் படையின் பெயர் சேர்ஷில்டா ஒபரஷூன்ஸ்குருப்பென். சுருக்கமாக எஸ்.ஓ.ஜி. தமிழில் சிறப்பு நடவடிக்கைக் குழு எனலாம். 2011-இல் இரண்டு பிரிவுகளை இணைத்து இது உருவாக்கப்பட்டது. ஒன்று 1994-இல் அமைந்த சிறப்புப் பாதுகாப்புக் குழு. மற்றது 2007-இல் அமைந்த சிறப்புத் தகவல் சேகரிப்புக் குழு. இந்த இரு பெயர்களிலேயே இன்றைய படையின் வேலை முழுதும் அடங்கிவிடுகிறது. ஒரு கை தாக்கும், மீட்கும். மறு கை எதிரிக்குத் தெரியாமல் அருகில் போய்ப் பார்த்துத் தகவல் கொண்டுவரும். பிணைக் கைதிகளை மீட்பது, தேடப்படும் நபரைப் பிடிப்பது, எதிரி நிலத்துக்குள் ஊடுருவி நோட்டமிடுவது போன்றவை இதன் பணிகள். மற்ற படைகளைப் போல ஒரு ரெஜிமென்டின் கீழ் இது இல்லை. முப்படைத் தலைமைத் தளபதியின் நேரடிக் கட்டுப்பாட்டில், சிறப்புப் படைகளுக்கென உள்ள தனித் தலைமையகத்தின் வழியாக இயங்குகிறது.

இதன் இருப்பிடம் கார்ல்ஸ்போர்க். வெட்டர்ன் என்ற பெரிய ஏரியின் மேற்குக் கரையில் உள்ள சிறிய ஊர். 1809-இல் ரஷ்யாவிடம் பின்லாந்தை இழந்த ஸ்வீடன், தலைநகரே பறிபோனாலும் மன்னரும் அரசும் தங்கக் கையிருப்பும் ஒதுங்குவதற்கென நாட்டின் உட்பகுதியில் ஒரு கோட்டை கட்ட முடிவெடுத்தது. 1819-இல் தொடங்கிய வேலை 1909-இல்தான் முடிந்தது. அதற்குள் பீரங்கிகள் வளர்ந்துவிட்டன. அந்தச் சுவர்களால் பயன் இல்லை. தொண்ணூறு ஆண்டு உழைப்பு! ஆனால் இராணுவம் அந்த ஊரை விடவில்லை. 1952-இல் பாராசூட் வீரர்களுக்கான பள்ளி அங்கே தொடங்கியது. சிறப்புப் படையும் அங்கேயே வேரூன்றியது.

இனி ஆட்சேர்ப்புக்கு வருவோம். ஸ்வீடனில் 1901 முதல் கட்டாய இராணுவ சேவை இருந்தது. 2010-இல் அதை நிறுத்தி வைத்தார்கள். கிரீமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்ட பின் நிலைமை மாறியது. 2017-இல் மீண்டும் கொண்டுவர முடிவாகி, 2018-இல் பயிற்சி தொடங்கியது. இம்முறை ஆண், பெண் இருவருக்கும். பதினெட்டு வயதாகும் அனைவரும் உடல்நலம், படிப்பு, விருப்பம் பற்றிய கேள்விப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதிலிருந்து சிலரை நேரில் அழைத்துப் பரிசோதித்து, அவர்களிலும் ஒரு பகுதியினரை மட்டுமே பயிற்சிக்கு எடுக்கிறார்கள். தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 4,000 பேர்தான்.

சிறப்புப் படைக்கு இப்படி யாரையும் கட்டாயமாக எடுப்பதில்லை. அடிப்படை இராணுவப் பயிற்சியை முடித்தவர் தாமாக விண்ணப்பிக்க வேண்டும். உடல் தகுதித் தேர்வு, மருத்துவச் சோதனை, உளவியல் சோதனை, நேர்காணல், களத்தில் நாட்கணக்கில் நீளும் தேர்வு எனப் படிகள் உண்டு. தேறியவருக்குச் சுமார் ஓராண்டுப் பயிற்சி. தாக்கும் வீரர்கள் மட்டுமின்றி மருத்துவ உதவியாளர், தகவல் தொடர்பு நிபுணர், தொழில்நுட்பர், தகவலை ஆராய்பவர் ஆகியோரும் இந்தப் படைக்குத் தேவை.

சினிமா பார்த்துப் பழகிய நம் பிள்ளைகள் இதைப் புஜபலப் போட்டி என்றே நினைப்பார்கள். கனமான பையைச் சுமந்து இரவெல்லாம் நடப்பவர்கள் எல்லாப் படைகளிலும் உண்டு. தூக்கமின்றி, பசியோடு, அடுத்து என்ன என்று தெரியாத நிலையிலும் ஒருவர் நிதானமாக முடிவெடுக்கிறாரா, பக்கத்திலிருப்பவரிடம் எரிந்து விழாமல் இருக்கிறாரா என்பதுதான் இத்தகைய படைகளுக்கு முக்கியம். ஏனென்றால் சிறு குழுவாக, மேலதிகாரியின் கண் படாத தூரத்தில், உயிர் எடுக்கும் அதிகாரத்தோடு இவர்கள் நிற்பார்கள்.

இதோடு பாதுகாப்புச் சோதனை என்று ஒன்று உண்டு. 2019 முதல் நடைமுறையில் உள்ள ஸ்வீடனின் பாதுகாப்புச் சட்டப்படி, நாட்டின் உயர் ரகசியங்களைத் தொடும் பணிகளில் குடிமக்களை மட்டுமே சேர்க்கலாம். காவல்துறைப் பதிவேடுகளைப் பார்ப்பார்கள். பொருளாதார நிலையையும் விசாரிப்பார்கள். கணவர் அல்லது மனைவியைப் பற்றியும் பதிவேடுகளில் தேடுவார்கள். கடனைப் பற்றி இராணுவத்துக்கு என்ன கவலை என்று கேட்கலாம். கழுத்தளவு கடனில் இருப்பவரை விலைக்கு வாங்குவது எளிது, அவ்வளவுதான். நம் பெரியவர்கள் அமானிதத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

சேர்ந்த பின் அவர்களின் பெயர்கள் வெளியே வராது. இராணுவமே வெளியிடும் படங்களில்கூட முகம் மூடியிருக்கும். வீரரையும் அவர் குடும்பத்தையும் காக்க இது தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் முகம் தெரியாதவரைக் கேள்வி கேட்பது எப்படி?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 2003-இல் காங்கோவின் புனியா நகரில் இனக்குழு மோதல் வெடித்தபோது, பிரான்ஸ் தலைமையில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படையை அனுப்பியது. ஸ்வீடனின் சிறப்புப் பாதுகாப்புக் குழுவும் அதில் சென்றது. மக்களைக் காக்கச் சென்ற படை அது. அங்கே பிரெஞ்சு முகாமில் ஓர் இளைஞர் கைதியாகப் பிடிபட்டார். பிரெஞ்சு வீரர்கள் அவரைச் சித்திரவதை செய்ததாகவும், ஸ்வீடன் வீரர்கள் அருகில் இருந்ததாகவும் பல ஆண்டுகள் கழித்து, 2008-இல்தான் ஸ்வீடன் தொலைக்காட்சி வெளியிட்டது. அங்கிருந்த ஸ்வீடன் வீரர்களே சாட்சி சொன்னார்கள். ஸ்வீடன் இராணுவத்தின் விசாரணையும் சித்திரவதைக்கு ஒப்பான கொடுமை நடந்ததாகவே முடிவுக்கு வந்தது. பிரான்ஸ் மறுத்தது.

வாய் திறந்த வீரர்களை நாம் பாராட்டுகிறோம். ஆனால் செய்தி பொதுமக்களை எட்ட ஐந்தாண்டு ஆனதே, அதை எப்படி ஏற்பது? எத்தனை சல்லடையில் சலித்து ஆளைத் தேர்ந்தெடுத்தாலும், வேறொரு நாட்டின் கட்டளையின் கீழ், ரகசியத்தின் போர்வைக்குள் நிற்கும்போது நல்லவரின் கையும் கட்டுண்டு போகலாம் என்பதற்கு புனியா ஓர் உதாரணம்.

ஆப்கானிஸ்தானில் இவர்கள் 2002 முதலே இருந்தனர். 2005 நவம்பரில் மஸார்-இ-ஷரீஃபில் வெடிகுண்டுத் தாக்குதலுக்கு உள்ளாகி இரு வீரர்கள் உயிரிழந்தனர். 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் வசமானபோது, தூதரகத்தில் பணியாற்றிய ஆப்கானியர்களையும் பிறரையும் மீட்க ஸ்வீடன் சிறப்புப் படையை அனுப்பியது. சுமார் 1,100 பேர் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டு மாலியில், பிரான்ஸ் முன்னின்று நடத்திய தகூபா படைக்கு ஹெலிகாப்டர்களோடு 150 பேர் வரை சென்றனர். அங்கே இராணுவப் புரட்சிகள் நடந்து, ரஷ்யக் கூலிப்படையும் வந்துசேர, 2022-இல் ஸ்வீடன் திரும்பிவிட்டது.

இப்படி வெளிநாட்டுக்குப் படை அனுப்புவதை அந்நாட்டு நாடாளுமன்றம் விவாதித்து ஒப்புதல் அளிக்க வேண்டும். எத்தனை பேர் வரை, எவ்வளவு காலம் என்பது பொதுவில் பதிவாகும். மாலிக்கும் 2020-இல் அப்படித்தான் ஒப்புதல் பெற்றார்கள். வீரரின் முகம் தெரியாவிட்டாலும் அவரை அனுப்ப வாக்களித்தவர் யார் என்று மக்களுக்குத் தெரியும்.

உள்நாட்டில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. 1931-இல் ஓடலன் என்ற இடத்தில் தொழிலாளர் ஊர்வலத்தின் மீது இராணுவம் சுட்டதில் ஐந்து பேர் இறந்தனர். அந்த வடு இன்றும் ஆறவில்லை. சொந்த மக்களுக்கு எதிராக இராணுவத்தை இறக்குவது அங்கே பெரும் பாவமாகவே பார்க்கப்படுகிறது. அதனால்தான் உள்நாட்டுப் பயங்கரவாதத்தை எதிர்கொள்ள 1990-களின் தொடக்கத்தில் காவல்துறைக்கே ஒரு தேசிய அதிரடிப் படையை அமைத்தார்கள். 2006-இல் வந்த ஒரு சட்டம் பயங்கரவாதத் தாக்குதலின்போது இராணுவம் துணைக்கு வரலாம் என்கிறது. ஆனால் காவல்துறை கேட்க வேண்டும். களத்தில் தலைமையும் காவல்துறையிடமே இருக்கும்.